ஏழாவது மடைக்கு எண் பத்து

ஜனவரி 19, திங்கள்

ரிஃப்கா என்றொரு பெண் எழுதியிருக்கிறாள். நீடாமங்கலத்திலிருந்து கல்லூரிக்குப் போய் வருகிறவளாம். "அக்கா, உங்க 'ஏழு மடை' விளையாடினேன். மார்க்கர் காட்டின மாதிரியே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு மடையத் திறந்தேன். அதோட தண்ணி காலி. ஏழாவது மடை சும்மா நிக்குது. குவெஸ்ட் முடியவே மாட்டேங்குது. எட்டு மணி நேரம் போச்சுக்கா."

எட்டு மணி நேரமாம்! எனக்கு இரண்டு வருஷம் போயிருக்கிறது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

வெளியிட்டு இன்றோடு ஒன்பது நாள். பொங்கல் வருகிறதென்று ஆளுக்கு ஒரு வேலையாக வீட்டில் அலைந்தபோது நான் மாடி அறையில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்து, பிறகுதான் போட்டேன். நாலாயிரம் பேர் இறக்கியிருக்கிறார்கள். அதில் முதல் கடிதம் இது.

நேற்று போனில் இவருக்கு விளக்கினேன். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு "உம், உம்" என்று கேட்டார். ராஜராஜன் என்று பேர் வைத்தால் போதுமா, கொஞ்சம் காதும் வைத்திருக்க வேண்டாமா? அவர் மண்டையில் ஏறாதது இந்த நோட்டிலாவது ஏறட்டும் என்று எழுதுகிறேன்.

வார்டன்ஹோல்ட் என்பது வெளிநாட்டுக்காரன் செய்த கேம். வாள், மந்திரம், பனிமலை. அதன் தெற்கு எல்லையில் நாங்களாக ஒரு பள்ளத்தாக்கைச் சேர்த்தோம். இப்படிச் சேர்ப்பதற்குத்தான் மோட் என்று பெயர். அங்கே வருஷத்துக்கு ஒருநாள் மலைப்பாம்பு ஒன்று வாயைத் திறந்து முப்பது குடம் தண்ணீர் விடும். ஒரே வாய்க்கால், ஏழு ஊர், ஏழு மடை. ஆடுகிறவர் ஏழு மடையையும் திறந்து ஏழு ஊர் வயலையும் நனைக்க வேண்டும். இதுதான் குவெஸ்ட்.

ஆனால் கேமுக்குக் கதை தெரியாது. பாம்பும் தெரியாது, வயலும் தெரியாது. குவெஸ்ட் என்பது அதற்கு வெறும் ஓர் எண். ஒரு காரியம் முடிந்தால் எண் 10, அடுத்தது முடிந்தால் 20, பிறகு 30. எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணுக்குரிய வரியை ஜர்னல் என்கிற குறிப்பேட்டில் காட்டும், அடுத்து போக வேண்டிய இடத்தில் மார்க்கரை வைக்கும். எண் ஏறும். ஏறினால் இறங்காது. 40இல் நிற்பவரிடம் போய் 20 என்றால் கேம் காதிலேயே போட்டுக்கொள்ளாது. எங்கள் மாமனார் மாதிரி.

பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். ஸ்கிரிப்ட், அதாவது கதவு திறக்கவும் எண் ஏறவும் கேமுக்கு எழுதுகிற நிரல், என் வேலை, அதில் பிழை கிடையாது. கதையும் வசனமும் தண்ணீர்க் கணக்கும் செந்தாமரை வேலை. கீழ்வேளூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் அவள். இரண்டு வருஷமாகத் தினம் பேசுகிறோம், இன்னும் நேரில் பார்த்ததில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறவளுக்கு முப்பது குடம் ஏழு ஊருக்குப் பத்தாது என்றுகூடவா தெரியாது!

ஜனவரி 20, செவ்வாய்

இன்னும் பதினொரு புகார். எல்லாம் ஒரே பாட்டு: நாலாவது மடையோடு தண்ணீர் காலி. மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

ஜனவரி 22, வியாழன்

முப்பதை அறுபதாக்கிப் பார்த்தேன். அதே கதை. மேலே இருக்கிற நாலு ஊரும் அறுபதையும் குடித்துத் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. வாய்க்காலில் எவ்வளவு ஓடினாலும் அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்கின்றன, கம்மியாக ஓடினால் கம்மியாக. அப்படி எழுதி வைத்தது யார்? அவள்தான். கீழ் ஊர் மடைகள் மட்டும் குறுகல், வயல் நிறைந்ததும் தானே நின்றுவிடும். என்ன ஓரவஞ்சனைக் கணக்கு இது?

அவள் டூட்டி முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"உன் கணக்கு ஓட்டை. தண்ணிய ஏத்தணும்" என்றேன்.

"நீ எண்ணுல ஏதாவது கை வச்சியா?" என்றாள்.

வைத்தேன்தான். அக்டோபரில் அவள் அனுப்பிய அட்டவணை தலைகீழாக இருந்தது. கடைசி மடைக்கு எண் 10, பாம்பின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற முதல் மடைக்கு எண் 70. அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறாள் என்று நான்தான் ஒழுங்குபடுத்தினேன். முதல் மடைக்கு 10, ஏழாவதுக்கு 70. இதில் கேட்க என்ன இருக்கிறது? தண்ணீர் மேலேயிருந்துதானே வரும்? இதைத்தான் சொன்னேன்.

"பழையபடி வச்சுப் பாரு, தெரியும்" என்றாள்.

வச்சுப் பாரு! மருந்துச் சீட்டுக்குப் பதில் சொல்கிற குரல். "ஸ்கிரிப்ட் என் வேலை, அத நான் பாத்துக்கறேன். நீ உன் கணக்கப் பாரு" என்றேன். போனை வைத்துவிட்டாள். நான் வைப்பதற்கு முன்னால் அவள் வைத்துவிட்டாள், அதுதான் இன்னும் எரிகிறது.

ஜனவரி 24, சனி

ஐந்நூறு குடம்.

ஏழாவது மடைக்கும் தண்ணீர் போனது. குவெஸ்ட் முடிந்தது. ஜர்னலில் "ஏழு ஊரும் நனைந்தன" என்று வந்தது. நனைந்தனவா! கடைசி ஊர்த் தலைவி கழுத்தளவு தண்ணீரில் நீந்திக்கொண்டே, "எங்கள் வறட்சி இன்றோடு தீர்ந்தது" என்று கண்ணீர் விடுகிறாள். ஆடு ஒன்று கூரை மேல் நிற்கிறது. பாம்பு மூழ்கியே போய்விட்டது.

எப்படியோ, முடிகிறதா இல்லையா? முடிகிறது. புதிய பதிப்பை மதியம் போட்டேன். என்ன மாற்றினோம் என்று மோட்டின் பொதுப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன்: "எழுத்தாளரின் தண்ணீர்க் கணக்கில் இருந்த பிழை திருத்தப்பட்டது."

உண்மையைத்தானே எழுதினேன்?

ஜனவரி 25, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குச் செந்தாமரையிடமிருந்து வந்தது. அப்படியே இறக்கி வைக்கிறேன்.

"பொதுப் பக்கத்துல இருக்கற வரியப் பாத்தேன். என் தண்ணிக் கணக்குல பிழை இல்லைங்க. நான் எழுதின எல்லாத்தையும் எடுத்துருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு அப்பறம் தளத்துக்கு எழுதிடுவேன்."

'ங்க' போட்டிருக்கிறாள். இரண்டு வருஷம் வாடி போடி என்று பேசியவள்.

எழுதியவர் வேண்டாம் என்றால், மோட்களை எல்லோரும் போட்டு வைக்கிற அந்தத் தளத்தில் மோட் நிற்காது, அதுதான் விதி. எல்லாத்தையும் எடு என்றால் மிச்சம் என்ன? ஏழு கதவும் ஓர் ஊமைப் பாம்பும். மிரட்டுகிறாள். நான் மட்டும் என்ன இளிச்சவாயா? கதவு திறப்பதிலிருந்து கொக்கு பறப்பது வரைக்கும் உயிர் கொடுத்தது யார்? என் ஸ்கிரிப்ட் இல்லையென்றால் அவள் கதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிடந்திருக்கும்.

சென்னையில் ஆறு வருஷம் மென்பொருள் சோதிக்கிற வேலை பார்த்தேன். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். கல்யாணம் ஆகி வேலையை விட்டு இந்தத் திருவையாற்றுப் பக்கம் வந்து நாலு வருஷம். இந்த வீட்டில் என் பெயரில் என்ன இருக்கிறது? கேஸ் சிலிண்டர்கூட மாமா பெயரில்தான் வருகிறது. 'ஏழு மடை' ஒன்றில்தான் ஈஸ்வரி என்று போட்டிருக்கிறது. அதையும் பிடுங்கப் பார்க்கிறாள். விட மாட்டேன். விடவே மாட்டேன்டி.

ஜனவரி 26, திங்கள்

"ஒரு கேமுக்குப் போயி ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுற?" என்றார் இவர். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நாளை மேட்டூர் அணையை மூடுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே. அதனால் எங்கள் வாய்க்காலில் ஒருவர் மாற்றி ஒருவர் தண்ணீர் எடுக்க முறை வைத்திருக்கிறார்கள். காலையில் நான் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் நாலைந்து பேர். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற ஊர்க்காரர்கள். நல்லக்கண்ணு என்பவர்தான் பேசினார்.

"ஐயா, பயிரு பால் புடிக்கிற நேரம். இந்த ஒரு தண்ணி இல்லன்னா அம்புட்டும் பதராப் போயிடுங்க. ரெண்டு நாளைக்கு உங்க மடைய அடைச்சுக் குடுங்க."

மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்க வயல் நெறஞ்சா தண்ணி தானா கீழ வரப்போவுது. வரலன்னா ஆபீஸ்ல போயி இன்னும் கொஞ்சம் கூட விடச் சொல்லுங்க. என்கிட்ட வந்து நின்னா?"

"எம்புட்டு விட்டாலும் மேலயே நின்னுடுதுங்களே. முறைன்னு வச்சா கடைசி வயல்லேருந்துதானுங்க வைக்கணும். கடைசிக்குப் பாஞ்சதும் ஒவ்வொண்ணா மேல வரணும். உங்களுக்கு என்னங்க, தண்ணி உங்க வயலத் தாண்டித்தான் போவணும். வருதா இல்லையான்னு கண்ணால பாத்துக்கிட்டு இருக்கலாம். எங்களுக்கு வந்தாத்தான் தெரியும்."

"தண்ணி மேலேருந்துதானய்யா வரும்!" என்றார் மாமா.

கையில் இருந்த வேட்டியைப் பிழிந்தபடியே நின்றுவிட்டேன். அது என் வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. கூட விடச் சொல்லு என்றதும் நான்தான். வியாழக்கிழமை நான் செந்தாமரையிடம் பேசியதை ஐந்து நாள் கழித்து துரைராசு என்கிற என் மாமனார் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

அவர்கள் போன பிறகு கீழே இறங்கி, "மாமா, ரெண்டு நாளைக்கு மடைய அடைச்சுக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"பொட்டியில பாம்பு விளையாட்டு விளையாடுறவ எனக்கு முறை சொல்லித் தர்றியா? போம்மா, உள்ள வேலையப் பாரு."

உள்ளே போகவில்லை. மாடிக்குப் போனேன். அக்டோபரில் அவள் அனுப்பிய பழைய கோப்பு இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. எண் 10க்குப் பக்கத்தில், கேம் படிக்காத, மனுஷர் மட்டும் படிக்கிற குறிப்பு வரியாக எழுதியிருக்கிறாள்: "கடைசி மடைக்கு முதல் முறை. எங்க ஊர் வழக்கம். மேல் ஊர் கிடைத்ததெல்லாம் குடிக்கும், அதனால் அது கடைசி. மாற்ற வேண்டாம்."

மாற்ற வேண்டாம்.

எண்ணை ஒழுங்குபடுத்தியபோது இந்த வரியையும் அழித்திருக்கிறேன். படித்தேனா? படிக்கவே இல்லை.

ஜனவரி 28, புதன்

பழைய எண்கள். பழைய முப்பது குடம். ஆரம்பத்திலிருந்து ஆடினேன்.

ஏழாவது மடை நிறைந்தது. ஆறு நிறைந்தது. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. முதல் மடையைக் கடைசியாகத் திறந்தபோது ஒன்றரைக் குடம் மிச்சம் இருந்தது. மேல் ஊர் வயல் நனைந்தது, ஓரத்தில் ஒரு முழம் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்த ஊர்த் தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பரவாயில்லை, இந்த வருஷம் வரப்பில் உளுந்து போடாமல் விடுகிறேன்" என்கிறார். இப்படி ஒரு வசனம் அவள் எழுதியிருப்பதே எனக்குத் தெரியாது. என் வரிசையில் ஆடினால் அந்த இடம் வரவே வராது.

முப்பது சரி. அவள் கணக்கில் ஒரு சொட்டுப் பிழை இல்லை.

அப்போதும் எனக்குக் கோபம் அவள் மேல்தான் வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! தெரியும் தெரியும் என்று மர்மமாகப் பேசினால் எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? இந்த வேகத்தில் பழைய உரையாடலை மேலே தள்ளிக்கொண்டே போனேன். அக்டோபர் 14. மூன்று செய்தி. "ஈசு, எண் தலைகீழா இருக்கேன்னு நெனைக்காத, வேணும்னுதான் அப்படி வச்சேன்." "தண்ணி கம்மியா இருக்கறப்ப எங்க பக்கம் கடைசியிலேருந்துதான் முறை." "உன்ன மாதிரி தலைமடைக்காரங்களுக்கு இது புரியாது, அதான் சொல்றேன், ஹா ஹா."

மூன்றுக்கும் கீழே நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

படிக்காமலே தூக்கியிருக்கிறேன். அன்று என்ன அவசரம்? நினைவில்லை. சே! ஆறு வருஷம் சோதனை வேலை பார்த்த லட்சணம் இது.

ஜனவரி 30, வெள்ளி

ஐந்நூறை எடுத்துவிட்டுப் பழைய எண்களோடு ஒரு பதிப்பைத் தயாராக வைத்தேன். பொதுப் பக்கத்தில் பழைய வரியை நீக்கிவிட்டு வேறு எழுதினேன்: "எங்கள் இருவருக்கும் இடையே ஏற்பட்ட புரிதல் குறைவால் மடைகளின் வரிசை மாறிவிட்டது. வருந்துகிறோம்."

அவளுக்கும் அனுப்பினேன். நல்ல தமிழ், மரியாதையான தமிழ். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாலையில் பதில் வந்தது. "நமக்குள்ள என்னங்க புரிதல் குறைவு? நான் எழுதினேன், நீங்க மாத்துனீங்க. மாறிவிட்டதுன்னு போட்டிருக்கீங்க. அதுவா எப்படி மாறும்? வருந்துகிறோம்னு என்னையும் சேத்துக்கிட்டீங்க. நான் எதுக்குங்க வருந்தணும்?"

எவ்வளவு திமிர் என்று முதலில் நினைத்தேன். எழுதியும் வைத்தேன், மேலே அடித்திருப்பது அதுதான். பிறகு என் வரியைத் திரும்பப் படித்தேன். அதில் நான் எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். ஆளே இல்லாத வீட்டில் சட்டி உடைந்த மாதிரி எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கெடு நாள்.

காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். பதினொரு மணி வரைக்கும் நாலு வரி. எத்தனை தடவை அடித்து எழுதினேன் என்று கணக்கில்லை. அக்டோபரில் காய்ச்சல் என்று ஒரு தடவை எழுதினேன். காய்ச்சலே இல்லை, பொய். அதையும் அடித்தேன். கடைசியில் போட்டது:

"மடைகளின் எண்களை மாற்றியவள் நான், ஈஸ்வரி. மாற்ற வேண்டாம் என்று செந்தாமரை எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல் அழித்தேன். அவர் கணக்கில் பிழை இருப்பதாக நான் எழுதியது பொய். முப்பது குடம் சரியானது."

போட்டுவிட்டுக் கீழே போய், தேவையே இல்லாமல் ஒரு கிலோ வெங்காயத்தை உரித்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் அறுபது பேர் படித்திருந்தார்கள். ஒருவன், "அப்போ ஊரையே மூழ்கடிச்சது சும்மாதானா?" என்று சிரிக்கிற முகம் போட்டிருந்தான். இன்னொருவன், "சோதிக்காம வெளியிடுறவங்களை என்ன சொல்றது" என்று எழுதியிருந்தான். அவனுக்கு ஒரு பதில் முழுசாக எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

செந்தாமரை ஒன்றும் எழுதவில்லை. தளத்துக்கும் எழுதவில்லை போலிருக்கிறது. மோட் இன்னும் நிற்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

செந்தாமரை போனில் பேசினாள். குரல் ஆஸ்பத்திரிக் குரல்தான்.

"புதுப் பதிப்பு போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணுங்க. ஏற்கனவே மாட்டிக்கிட்டு நிக்கறவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு மொதல்ல வழி பண்ணுங்க. புதுசா ஆடப்போறவங்களுக்கு அப்பறம் குடுக்கலாம்."

முடியாது என்றேன். உண்மையாகவே முடியாது. ரிஃப்கா மாதிரி நானூறு பேர் நாலு மடையைத் திறந்துவிட்டு எண் 40இல் நிற்கிறார்கள். அந்த 40, ஆடியது வரை சேமித்து வைக்கிற அவர்களுடைய சேவ் கோப்புக்குள் பதிந்துவிட்டது. நான் இங்கே எதை மாற்றினாலும் அங்கே எண் இறங்காது. எல்லோரும் ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டியதுதான்.

"எட்டு மணி நேரம் ஆடினவங்ககிட்ட திரும்ப ஆரம்பிங்கன்னு சொல்வீங்களா?"

"எண் இறங்காது, நான் என்ன பண்றது! கேமைச் செஞ்சவன்கிட்ட போய்க் கேளு!" கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "எறக்க வேண்டாங்க. அந்தக் குவெஸ்ட்ட அப்படியே நிறுத்திருங்க. வேற ஒண்ண ஆரம்பிங்க. பாம்பு அந்த நானூறு பேருக்கு மட்டும் இன்னொரு தடவ வாயத் திறக்கட்டும். வசனம் நான் எழுதித் தர்றேன்."

கதை எழுதுகிறவள் எனக்கு ஸ்கிரிப்ட் சொல்கிறாள். இதில் மோசம் என்னவென்றால், அது சரியாக வரும்.

பிப்ரவரி 7, சனி

வரவில்லை. பழைய குவெஸ்ட் நின்றது, புதியது ஆரம்பித்தது, பாம்பு வாயைத் திறந்தது, தண்ணீர் நேராக மேல் நாலு ஊருக்குள் பாய்ந்து காலி. ஏனென்றால் அவர்கள் திறந்த கதவுகள் திறந்தபடியே இருக்கின்றன. கதவையும் மூட வேண்டும். மூட நான் ஸ்கிரிப்ட்டே எழுதவில்லை. திறப்பதற்கு மட்டும் எழுதியிருக்கிறேன். இதுவும் என் லட்சணம்தான்.

பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் காலையிலிருந்து ஓடுகிறது. தலை வெடிக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

மூன்று கதவு மூடுகிறது, நாலாவது மூடவில்லை. நாலாவது மூடினால் முதலாவது திறந்துகொள்கிறது. செந்தாமரை தினம் சாயங்காலம் பழைய சேவ் ஒன்றை வைத்துச் சோதித்து எனக்கு எழுதுகிறாள். "நாலாவது, இன்னும் இல்லை." அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. முன்பெல்லாம் இடையில் ஆஸ்பத்திரிக் கதை வரும். நேற்று வேண்டுமென்றே, "இன்னைக்கு கூட்டமா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்று மட்டும் வந்தது.

பிப்ரவரி 14, சனி

மூடியது! நாலும் மூடியது!

மாட்டிக்கொண்டவர்களுக்கான பதிப்பை மட்டும் மதியம் போட்டோம். ரிஃப்கா மூன்று மணிக்கே எழுதிவிட்டாள்: "அக்கா, கடைசி ஊர்லேருந்து அந்தத் தலைவிக் கெழவி எட்டு மைல் நடந்து வந்து என் கதவத் தட்டி, 'இந்த தடவ எங்க ஊர்லேருந்து ஆரம்பிக்கலாமா'ன்னு கேட்டா. அழுதுட்டேன்." செந்தாமரை எழுதிய வசனம் அது. நான் திட்டிக்கொண்டே கதவை மூடிக்கொண்டிருந்த நாட்களில் அவள் இதை எழுதியிருக்கிறாள்.

அவளுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் மட்டும் விழுந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

எல்லோருக்குமான பதிப்பு இன்று வெளியானது. தளத்தில் மோட்டை என் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு மாற்றச் சொன்னாள். மாற்றிக் கொடுத்தேன். முதலில் "கதை, நீர்க்கணக்கு: செந்தாமரை". கீழே "ஸ்கிரிப்ட்: ஈஸ்வரி". என் பெயர் இருக்குமோ இருக்காதோ என்று பத்து நிமிஷம் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் வைத்திருந்தேன். அதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

பிப்ரவரி 21, சனி

கடைசி ஊரில் அறுத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் பதர். மாமா சாப்பிடும்போது சொன்னார், செய்தி சொல்கிற மாதிரி. நமக்கு நல்ல மகசூல் என்றும் சொன்னார்.

"நீங்க ரெண்டு நாள் மடைய அடைச்சிருந்தா அவங்களுக்கும் வந்திருக்கும் மாமா" என்றேன்.

"மேட்டூர மூடிட்டான். அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"மேட்டூரு மூடறதுக்கு முன்னாடியே வந்து கேட்டாங்க. நீங்கதான் தரல. நான் மாடியிலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

தட்டில் கை நின்றது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மோர் கேட்டார். ஊற்றினேன். இன்னும் இரண்டு நாளைக்கு இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசப் போவதில்லை. பேச வேண்டாம். இது கேம் இல்லை, பாம்பு இன்னொரு தடவை வாய் திறக்காது.

மார்ச் 8, ஞாயிறு

நாலு நாள் முன்பு செந்தாமரை ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள். முன்னுரை எதுவும் இல்லை. "புதுக் குவெஸ்ட். முடியுமான்னு பாத்துச் சொல்லுங்க." கடல் தண்ணீர் ஏறி உப்பான ஓர் ஊரைப் பற்றியது. பதினான்கு எண்கள்.

அட்டவணையை முதல் தடவை படித்ததுமே சுருக்கென்றது. எண் 40இல் படகுக்காரி ஆட்டக்காரரை அக்கரையில் இறக்கிவிடுகிறாள். எண் 50இல்தான் படகுக்காரியைச் சந்திக்கவே செய்கிறோம். இறங்கின பிறகா ஏறுவது? கை தானாக விசைப்பலகைக்குப் போனது. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கடற்கரைப் பக்கம் ஏதாவது வழக்கம் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? ஒரு தாளை எடுத்து, புரியாதது எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்பது கேள்வி வந்தது. உப்புத் தண்ணீருக்கு ஏன் தனி எண்? வாய்க்காலின் வாயில் மண்மூட்டை போடுவது யார்? இப்படி. படகுக் கேள்வியை ஒன்பதாவதாக வைத்தேன். வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.

இன்று காலை பதில். முதல் எட்டுக்கும் விளக்கமாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரி. எட்டும் அவள் தெரிந்தே வைத்தவை. எட்டையும் நான் பழைய ஈஸ்வரியாக இருந்திருந்தால் ஒழுங்குபடுத்தியிருப்பேன். ஒன்பதாவதுக்கு ஒரே வரி.

"அது என் தப்புங்க. அவசரத்துல மாத்தி எழுதிட்டேன். சரி பண்ணிருங்க."

மூன்று தடவை படித்தேன். இவ்வளவு சின்ன வரியா அது?

50ஐ 40 ஆக்கினேன். 40ஐ 50 ஆக்கினேன். சரி பண்ணியாச்சு என்று அவளுக்கு எழுதினேன். வேறு யாருக்கும் எழுதவில்லை.